எட்டுக்கால் பூச்சி

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒரு வழி பண்ணிவிட்டுப் போன வாரம் அது. 2024 நவம்பர் கடைசி. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். மற்றதையெல்லாம் தூக்கிப் பரண்மேல் வைத்த நான், படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டரை மட்டும் மறந்து தொலைத்தேன். கரன்ட் போன நேரத்தில் கைகொடுக்க வேண்டியது, முதல் ஆளாகத் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது.

தண்ணீர் வடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் ஸ்குரூவைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, பெயின்ட் பிரஷ்ஷால் சேற்றைத் தட்டிவிட்டு, மீட்டரை இங்கே அங்கே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எட்டுக்கால் பூச்சி போயிடுச்சு சார்."

"உள்ள போயிடுச்சா? எடுத்துடலாமா அண்ணே?"

மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒரு கண்ணாடி லென்ஸை என் கையில் கொடுத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்த ஒரு கறுப்புச் சமாச்சாரத்தைக் காட்டினார். இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால். முதுகில் எல்.எம்.358 என்று எழுத்து. பக்கத்தில் ஏதோ ஒரு வரைபடம். உற்றுப் பார்த்தால் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம்!

"பேட்டரி எவ்ளோ இறங்கியிருக்கு, சார்ஜ் போதுமா போதாதா, எல்லாம் பார்த்துச் சொல்றது இதுதான் சார். இது கண்ணை மூடிட்டா மத்தது எல்லாம் குருடு."

"விலை?"

"பத்து ரூபா."

பல ஆயிரம் ரூபாய் இன்வெர்ட்டர், பத்து ரூபாய் பூச்சியால் படுத்துக் கிடந்தது. சாயங்காலமே வீட்டில் விளக்கு எரிந்தது. அத்தோடு மறந்திருப்பேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் அடுத்த சில மாதத்தில் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார்.

மகள் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பெண்ணோ அது வேண்டாம், மேலே படித்து அனலாக் சிப் டிசைன் பண்ணப்போகிறேன், பெங்களூருவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாதிரி ஒரு கம்பெனிக்குப் போகவேண்டும் என்கிறாள்.

"ஊர் உலகமே டிஜிட்டல் டிஜிட்டல்னு ஓடுது சார். இது என்னமோ கிராமபோன் காலத்துக் கதை மாதிரி அனலாக்குங்குது. நீங்கதான் பேலன்ஸ் ஷீட்லாம் படிப்பீங்களே, மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற மாதிரி கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்."

நான் பி.காம். ஓம் விதிக்கும் எனக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துவிட்டது. ஆனால் டெபிட், கிரெடிட் தெரியும். டெக்ஸாஸ் வரைபடத்தை வேறு லென்ஸ் வைத்துப் பார்த்தாகிவிட்டது. விசாரித்தேன். இந்த வாரம் அதுதான்.

முதலில் அந்த "கிராமபோன்" விஷயத்தைத் தீர்த்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு உள்ளே எல்லாம் பூஜ்யம், ஒன்று. சரி. ஆனால் பால் பொங்கும்போது பூஜ்யம் ஒன்று என்றா பொங்குகிறது? கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. காய்ச்சல் அப்படித்தான், குரல் அப்படித்தான், பேட்டரி தீர்வது அப்படித்தான். நம் கடற்கரைச் சாலையில் கல்மேல் மோதும் அலைக்குப் படிக்கட்டு கிடையாது. இந்த வழுவழு உலகத்தைத் தொட்டுப் பார்த்து, அதன் முனகலைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்ணாக மாற்றிக் கொடுப்பதற்கும், கம்ப்யூட்டர் சொல்வதைத் திரும்ப சத்தமாகவோ வெளிச்சமாகவோ மாற்றுவதற்கும், ஒவ்வொரு சிப்புக்கும் அளந்து கரன்ட் ஊட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். அதுதான் அனலாக் சிப். உங்கள் செல்போனின் மூளை டிஜிட்டல். காது, வாய், வயிறு மூன்றும் அனலாக். டிஜிட்டல் பெருகப் பெருக இதுவும் பெருகத்தான் செய்யும். நண்பரின் முதல் கவலை இதோடு காலி.

இனி மாப்பிள்ளை வீட்டுப் பூர்வீகம்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஆரம்பம் 1930-ல், பூமிக்கு அடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அதிர்வை வைத்துக் கண்டுபிடித்துச் சொல்லும் கம்பெனியாக. அதாவது பிறந்ததிலிருந்தே வேலை, இயற்கையின் முனகலைக் கேட்பது. 1954-ல் இவர்கள் டிரான்சிஸ்டரைப் போட்டுத்தான் பாக்கெட் ரேடியோ வந்தது. 1958-ல் அங்கே புதிதாகச் சேர்ந்த ஜாக் கில்பி, மற்றவர்கள் எல்லாம் கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, விடுமுறை இல்லாத காரணத்தால் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்ததில் பிறந்தது இன்டகிரேட்டட் சர்க்யூட். 2000-ல் அதற்கு நோபல் பரிசு. லீவ் கொடுக்காத முதலாளிகள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளக்கூடும்.

இதற்குப் பிறகு இவர்கள் செய்யாத தொழில் இல்லை. கால்குலேட்டர், ராணுவக் கருவிகள், மெமரி சிப், செல்போன் சிப். ஒரு கடையில் எல்லாம் கிடைக்கும் என்று போர்டு மாட்டினால் எதிலும் நம்பர் ஒன் ஆக முடியாது என்பது மெதுவாகத்தான் உறைத்தது. 1997-ல் ராணுவப் பிரிவை விற்றார்கள். 1998-ல் மெமரியை விற்றார்கள். 2012-ல், உலகமே ஸ்மார்ட்போன் பைத்தியம் பிடித்து அலைந்த நேரத்தில், செல்போன் பிராசஸர் பந்தயத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள். நன்றாக ஓடும் பந்தயத்திலிருந்து எழுந்து வர எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று ஷேர் மார்க்கெட்டில் கையைச் சுட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும்.

அதற்கு முந்தைய வருஷம், 2011-ல், 650 கோடி டாலர் கொடுத்து நேஷனல் செமிகண்டக்டர் என்ற பழைய அனலாக் வீட்டையே வாங்கியிருந்தார்கள். என் இன்வெர்ட்டர் பூச்சியின் முதுகில் இருந்த எல்.எம். என்ற இனிஷியல் டெக்ஸாஸுடையது இல்லை, நேஷனல் வீட்டு இனிஷியல். 1970-களின் டிசைன். ஐம்பது வயசான ஆள் இன்னும் விற்பனையில் இருக்கிறார்! போன வருஷம் வாங்கிய உங்கள் செல்போனுக்குப் பேட்டரி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. இது என்ன வியாபாரம்? சுமார் 80,000 வகைச் சரக்கு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். காரில், ஆஸ்பத்திரியில், லிஃப்ட்டில், வாஷிங் மெஷினில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் பத்து வருஷம், இருபது வருஷம் எழுந்திருப்பதில்லை. பத்து ரூபாய் சாமானை மாற்றி எட்டு ரூபாய் சாமான் போட்டு, மொத்த மெஷினையும் மறுபடி சோதித்துப் பார்க்க எந்த இன்ஜினீயருக்கும் பொறுமை கிடையாது. மளிகைக் கடையில் பெருங்காயம் மாதிரி. அரிசி விலைக்குப் பேரம் பேசுகிற மாமி, பெருங்காயத்துக்குப் பேசுவதில்லை.

அடுத்தது தேய்மானம். டிஜிட்டல் சிப் செய்பவன் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நானோமீட்டரைக் குறைத்துக்கொண்டே போகவேண்டும், மெஷினை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அனலாக்குக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. பழைய மெஷினே போதும். கணக்குப் புத்தகத்தில் மெஷினின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிட்ட பிறகும் அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். தாத்தா வாங்கிய கிரைண்டரில் மாவு அரைத்து விற்கிற மாதிரி, வருவதில் பெரும்பங்கு லாபம்.

2009-ல் இவர்கள் செய்த காரியத்தைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாமா என்று தோன்றியது. டெக்ஸாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரிக் கட்டடத்தைக் கட்டிவிட்டு, மெஷின் வாங்க நேரம் சரியில்லை என்று வருஷக்கணக்கில் காலியாகவே போட்டிருந்தார்கள். உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது. கிமோண்டா என்ற மெமரி கம்பெனி திவாலானது. அதன் அமெரிக்க ஆலையின் மெஷின்களை வெறும் பதினேழேகால் கோடி டாலருக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தையில் பொறுமையாகக் கிளறி, நல்ல சட்டையாக எடுத்து வருபவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி. அந்தப் பழைய மெஷின்களை வைத்துத்தான் 300 மில்லிமீட்டர் அகலத் தகட்டில் அனலாக் சிப் செய்த உலகின் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. தோசைக்கல் பெரிதானால் ஒரே அடுப்பில் தோசை அதிகம். 200 மில்லிமீட்டர் தகட்டைவிட ஒரு சிப்புக்கு ஆகும் செலவு 40 சதவிகிதம் குறைவு என்கிறார்கள்.

இதுவரை கேட்டால் தங்கமான மாப்பிள்ளை வீடு. ஆனால் விசாரிக்கப் போனவன் அடுப்படி வரை போய்ப் பார்க்கவேண்டும்.

2024 கணக்கைப் பாருங்கள். மொத்த விற்பனை 1,564 கோடி டாலர். அதில் அனலாக் மட்டும் 1,216 கோடி. நிகர லாபம் 480 கோடி. நூறு ரூபாய்க்கு விற்றால் முப்பது ரூபாய்க்கு மேல் கையில். நம் ஊரில் இவ்வளவு லாபம் சொன்னால் இன்கம்டாக்ஸ்காரர் வாசலில் நிற்பார்.

ஆனால் லாபம் வேறு, கல்லாவில் இருக்கும் காசு வேறு. பி.காம். முதல் வருஷப் பாடம் இது. அந்த வருஷம் புது ஆலைகள் கட்ட மட்டும் 482 கோடி டாலர் செலவு. டெக்ஸாஸில் ஷெர்மன் என்ற ஊரில் நாலு ஆலை வரை கட்டலாம், 3,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2021-ல் அறிவித்த ஒரு பெரும் திட்டம். அதெல்லாம் போக மிச்சம் நின்ற ரொக்கம் 150 கோடி. பங்குதாரர்களுக்குக் கொடுத்த டிவிடெண்டோ ஏறக்குறைய 480 கோடி!

ஒன்றரை ரூபாய் மிச்சம் பிடித்தவன் நாலு ரூபாய் எண்பது காசு தானம் செய்தால் பாக்கி எங்கிருந்து வரும்? கையிருப்பிலிருந்தும் கடனிலிருந்தும்தான். 2020 கடைசியில் சுமார் 680 கோடி டாலராக இருந்த கடன், 2024 கடைசியில் 1,360 கோடி. இரண்டு மடங்கு. இருபது வருஷத்துக்கு மேலாக வருஷாவருஷம் டிவிடெண்டை உயர்த்திக்கொண்டே வந்த கௌரவம், நிறுத்த முடியவில்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதும் தீபாவளிக்குப் பட்டுப்புடவை குறையக் கூடாது என்கிற பெரிய குடும்பம். இடையில் அமெரிக்க அரசாங்கம் வேறு 160 கோடி டாலர் மானியம் தர ஒப்புக்கொண்டது. வரி கட்டுகிறவன் காசை ஒரு கையால் வாங்கி, பங்குதாரருக்கு மறு கையால் டிவிடெண்ட் கொடுப்பதை எந்த ஊர் நியாயம் என்று சொல்வது? சட்டப்படி சரிதான். எனக்கு உறுத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், 2024 மே மாதம் எலியட் என்ற முதலீட்டு நிறுவனம், 250 கோடி டாலர் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதியது. என்ன கண்டனம்? ஆலை கட்டுவதைக் குறையுங்கள், தேவைக்கு மேல் கட்டுகிறீர்கள், ரொக்கத்தைக் காட்டுங்கள் என்று. டிவிடெண்டைக் குறை என்று அல்ல! நான் நேர் எதிர்க் கட்சி. 2021-ல் சிப் பஞ்சம் வந்தபோது உலகம் முழுக்க கார் கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதற்குப் பெரிய காரணம் லேட்டஸ்ட் பிராசஸர் கிடைக்காதது இல்லை. இந்த மாதிரிப் பழைய, மலிவான, யாரும் புதிதாக ஆலை கட்ட விரும்பாத சிப்புகள் கிடைக்காததுதான். அந்த அனுபவத்துக்குப் பிறகும் ஆலை கட்டாதே என்று சொல்பவன் அடுத்த காலாண்டுக்கு மேல் யோசிக்காதவன். கட்டட்டும். ஆனால் பட்டுப்புடவையைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயங்கினேன். ஒரு லட்சம் வாடிக்கையாளர், ஏஜென்டுகளைக் குறைத்துவிட்டு நேரடி விற்பனை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பதெல்லாம் வியாபாரத்துக்கு அழகுதான். ஆனால் உக்ரைனில் விழுந்த ரஷ்ய ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் பிரித்துப் பார்த்தபோது உள்ளே அமெரிக்கச் சிப்புகள், டெக்ஸாஸ் வரைபடம் போட்டவை உட்பட. 2022-லேயே ரஷ்யாவுக்கு விற்பதை நிறுத்திவிட்டோம், இதெல்லாம் கள்ளத்தனமாகப் போனது என்பது கம்பெனியின் பதில். 2024 செப்டம்பரில் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழு இவர்களையும் இன்டெல், ஏ.எம்.டி., அனலாக் டிவைசஸ் ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. வாஷிங் மெஷினுக்குப் போகும் சிப்பும் ஏவுகணைக்குப் போகும் சிப்பும் ஒன்றே என்கிறபோது யார் கையில் போகிறது என்று பார்ப்பது கஷ்டம்தான். ஆனால் எந்தச் சரக்கு எவ்வளவு விற்றது என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அது எங்கே போகிறது என்று தெரியாமல் போவது கொஞ்சம் வசதியான மறதி.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருவில் டிசைன் சென்டர் திறந்தது. மில்லர்ஸ் ரோட்டில் சோனா டவர்ஸ் கட்டடம். இந்தியாவில் டெலிபோன் கனெக்‌ஷனுக்கே வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். இவர்களுக்கோ அமெரிக்காவோடு பேச சொந்த சாட்டிலைட் இணைப்பு தேவைப்பட்டது. அந்த டிஷ் ஆன்டெனா சாமான்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில். அந்தப் படம் பிரபலம். ஐ.டி. பெங்களூருவின் பிள்ளையார் சுழி அந்த வண்டிதான் என்றால் மிகையில்லை.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அந்தக் கம்பெனியிலிருந்து தொழில் கற்றுக்கொண்டு வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். உலகத்தில் சிப் டிசைன் செய்பவர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்று அரசாங்கமே பெருமையாகச் சொல்கிறது. ஆனால் இவர்களுடைய சிப் ஆலை ஒன்றுகூட இந்தியாவில் கிடையாது. மலேசியாவில் 1970-களிலிருந்தே இருக்கிறார்கள், பிலிப்பைன்ஸில் இருக்கிறார்கள், சீனாவில் இருக்கிறார்கள். நம்மிடம் மூளையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நாம் என்ன செய்தோம்? மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்று அரசாங்கமே ஆலை வைத்தது. 1984-ல் உற்பத்தி ஆரம்பம். 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டி எழுந்து நிற்பதற்குள் உலகம் எங்கேயோ போய்விட்டது. இப்போது அங்கே 180 நானோமீட்டர் தொழில்நுட்பம். 2025 செப்டம்பரில் அங்கே செய்த "விக்ரம்" பிராசஸரை டெல்லியில் காட்டியபோது, "180-ஆ? தைவான்காரன் 3-க்குப் போயிட்டான்" என்று கிண்டலடித்தவர்கள் நிறையப் பேர். அந்த 180 அனலாக்குக்குப் பல இடங்களில் தாராளமாகப் போதும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நம் ஆட்கள் நானோமீட்டரைப் பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி பார்க்கிறார்கள். இங்கே குறைவாக எடுத்தால் ஃபர்ஸ்ட் ரேங்க், அவ்வளவுதான் வித்தியாசம்.

2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் சிப் திட்டம் அறிவித்தார்கள். குஜராத்தின் தோலேராவில் டாடா கட்டும் ஆலை 28 முதல் 110 நானோமீட்டர் வரை செய்யப்போகிறது, கரன்ட்டை நிர்வகிக்கும் சிப்புகளும் பட்டியலில் உண்டு. இது புத்திசாலித்தனம். ஆனால் ஆலையில் ஓட்ட நம் பெயர் போட்ட சரக்கு எங்கே? 2005-ல் டெக்ஸாஸிலிருந்து வெளியே வந்தவர்கள் பெங்களூருவில் காஸ்மிக் சர்க்யூட்ஸ் என்று அனலாக் டிசைன் கம்பெனி ஆரம்பித்தார்கள். பிரமாதமாக வளர்ந்தது. 2013-ல் அமெரிக்காவின் கேடென்ஸ் வாங்கிக்கொண்டது. ஹூப்ளியில் ஆரம்பித்த சங்கல்ப் செமிகண்டக்டரை 2019-ல் எச்.சி.எல். வாங்கியது. விற்றவர்களை நான் தப்பு சொல்லமாட்டேன். பத்து வருஷம் பொறுத்திருக்கிற பணம் இங்கே கிடையாது. முதல் போட்ட மூன்றாவது வருஷமே "எப்போ வெளிய வரலாம்?" என்று கேட்கிறவனை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் விற்கும் பூச்சியை எப்படிச் செய்வது?

இதைப் பாண்டிச்சேரிக்காரனிடம் வந்து சொல்லவே வேண்டாம். நாங்கள் பார்த்தாகிவிட்டது. ஒரு காலத்தில் எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவோ என்று இந்தியாவின் பாதி கம்ப்யூட்டருக்குப் பின்பக்க ஸ்டிக்கரில் எங்கள் ஊர் பெயர்தான் இருக்கும் போலத் தோன்றும். காரணம் எங்கள் மூளையோ கடற்கரையோ இல்லை. வருமான வரி விடுமுறை, விற்பனை வரிச் சலுகை. டப்பா ஒரு பக்கம் வரும், போர்டு ஒரு பக்கம் வரும், இங்கே ஸ்குரூ போட்டு மூடி லாரியில் ஏற்றுவார்கள். சலுகை தீர்ந்ததும் பலர் நடையைக் கட்டினார்கள். லெனோவோ இன்னும் இருக்கிறது, 2024-ல் ஏ.ஐ. சர்வர் செய்யப்போவதாக அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் சேதராப்பட்டிலும் தட்டாஞ்சாவடியிலும் இருபது வருஷம் ஸ்குரூ போட்ட எங்கள் பையன்களில் எத்தனை பேருக்கு உள்ளே இருந்த எட்டுக்கால் பூச்சி என்ன செய்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள்? முத்தியால்பேட்டை அண்ணனுக்கு அது எந்த ஃபேக்டரியும் சொல்லிக் கொடுத்ததில்லை. எரிந்துபோன போர்டுகள் சொல்லிக் கொடுத்தன.

விசாரணை முடிவைச் சொல்ல நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, பெண் இருந்தாள். கேட்கவேண்டியதை நேரடியாக அவளிடமே கேட்டேன்: ஏம்மா இந்த வம்பு?

"அங்கிள், சாஃப்ட்வேர்ல நாற்பது வயசானா எப்போ அனுப்புவாங்கன்னு பயம். அனலாக்ல நாற்பது வயசுலதான் உங்களை ஆளாவே மதிப்பாங்க."

செல்போனில் ஒரு மேஜையின் படத்தைக் காட்டினாள். ஜிம் வில்லியம்ஸ் என்று ஒருவர், காலேஜ் படிப்பை முடிக்காதவர், லீனியர் டெக்னாலஜி என்ற இன்னொரு அனலாக் கம்பெனியில் ஜாம்பவான். 2011-ல் காலமானார். வயர், போர்டு, மீட்டர், பேப்பர் என்று குப்பை மேடாகக் கிடந்த அவருடைய வேலை மேஜையை அப்படியே அலுங்காமல் தூக்கிப் போய் கலிஃபோர்னியாவில் கம்ப்யூட்டர் மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். என் மேஜையையும் என் மனைவி அப்படி மதித்தால் தேவலை. அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு வந்துவிட்டு, பழைய பீட்டில் காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிய இன்னொரு மேதை பாப் பீஸ், வழியில் விபத்தில் இறந்துபோனார் என்று அவள் சொன்னபோது, ஏதோ சொந்தத் தாத்தா செத்த மாதிரி முகம் வாடியது.

ஐ.ஐ.டி. மெட்ராஸில் சாந்தி பவன் என்ற பேராசிரியர், ஒரு காலத்தில் டெக்ஸாஸில் வேலை பார்த்தவர், 2012-ல் பட்நாகர் விருது வாங்கியவர். அவருடைய வகுப்புகள் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. ராத்திரி அதைப் பார்த்துத்தான் படிக்கிறாளாம். நானும் ஒன்றை ஐந்து நிமிஷம் பார்த்தேன். ஆறாவது நிமிஷம் ஓம் விதி வந்து என் சட்டையைப் பிடித்ததால் அணைத்துவிட்டேன்.

கடன், டிவிடெண்ட், செனட் விசாரணை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். 2025 செப்டம்பரில் சீனா அமெரிக்க அனலாக் சிப்புகள் மேல் விலை குறைத்து விற்பதாக விசாரணை ஆரம்பித்ததை நான் விட்டுவிட்டேன் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். அங்கே இப்போது உள்ளூர் கம்பெனிகளே இதையெல்லாம் செய்ய ஆரம்பித்துவிட்டன, டெக்ஸாஸுக்கு அதுதான் பெரிய தலைவலி என்றாள். ஆக, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி என்னைவிட நன்றாகவே விசாரித்து வைத்திருக்கிறாள்.

"கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கறதா உத்தேசமா?"

"பத்து வருஷம். கத்துக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் நாமளே ஒண்ணு பண்ணலாம்ல?"

"முதல் போடறது யாரு?"

சிரித்தாள். "நீங்கதான் பி.காம். ஆச்சே அங்கிள். பத்து வருஷம் டைம் இருக்கு, யோசிச்சு வைங்க."

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நண்பர் மார்க்கெட் பையோடு உள்ளே வந்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பெருங்காயம், கிரைண்டர், தோசைக்கல், பட்டுப்புடவை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கம்பெனி முழுசாகச் சுத்தமில்லை, ஆனால் தொழில் நல்ல தொழில், பெண்ணைப் படிக்க விடுங்கள் என்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பையிலிருந்து முருங்கைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி கேட்டார்:

"அதெல்லாம் சரி சார். பெங்களூர்ல ஹாஸ்டல் எவ்வளவு ஆகும்?"